காயாத காகிதத்தில் ஒரு முகம்

“இவன்தான்” என்றாள் பரமேஸ்.

லுசேர்ணில் எங்கள் வீட்டுக் குசினி. மத்தியானம் கழிந்த நேரம். வெளியே ஃபூன் காற்று. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் அந்தச் சூடான காற்று அடிக்கிற நாட்களில், மலைகள் எழும்பி வந்து ஏரிக்கரையில் நிற்பதுபோலத் தெரியும். எனக்குத் தலை இடிக்கும்.

மேசையில் ஒரு பலகை. அதில் நாலு ஓரமும் ஒட்டிய தடித்த காகிதம். காகிதத்தில் ஒரு பொடியனின் முகம். வர்ணம் இன்னும் காயவில்லை. நெற்றியில் ஈரம் மினுங்கியது. வெயிலுக்குள்ளால் சைக்கிள் ஓடி வந்து, வாசலில் காலை ஊன்றி நிற்கிறவனைப் போல இருந்தான்.

பரமேஸ் என் கணவரின் சின்னம்மா மகள். அவருக்குத் தங்கச்சி, எனக்கு மச்சாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. லொசானுக்குப் பக்கத்தில் ரெனானில் இருந்தாள். அங்கிருந்து ரயிலேறி வந்திருந்தாள். காகிதத்தில் இருந்தது அவளுடைய மூத்த மகன் ரூபன். போர் முடிந்த அந்த வருடம் வைகாசியில் வன்னியில் செத்துப்போனவன்.

பெற்றவள் அவனை ஏழு வயதுக்குப் பிறகு பார்த்ததில்லை. வரைந்த என் கணவர் அவனை ஒருநாளும் பார்த்ததில்லை.

“இவன்தான் அண்ணை. இவன்தான்.”

அவள் சத்தம் போட்டு அழவில்லை. இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் ஊன்றிக் குனிந்து, மூச்சுப் படுமளவுக்குக் காகிதத்துக்குக் கிட்டப் போனாள்.

இந்தத் தொடரில் அந்த நாளைத் தொடாமல் இத்தனை கிழமையும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். சுவிஸ் அகதி முகாம் வாழ்க்கையை எழுதினேன், முதல் பனியை எழுதினேன், டொச் மொழி வகுப்பில் அடித்த கூத்தை எழுதினேன். போன கிழமை ஒரு வாசகி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். “உங்கட அவர் படம் கீறுறவர் எண்டு ஒரு இடத்தில எழுதினியள். பேந்து அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?”

சரி, எழுதிவிடுகிறேன்.

கத்தரிக்காய்க் குலம்

என் கணவர் பெயர் குலசிங்கம். எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கத்தரிக்காய்க் குலம்.

காரணம் சுலபம். அவர் கத்தரிக்காய் கீறுவார். பியர்ஸ் பழம் கீறுவார். வெங்காயம், எலுமிச்சம்பழம், கழுவிக் கவிழ்த்த கோப்பை, மீனைச் சுற்றி வந்த கடதாசி. மேசையில் எதையாவது வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து நீர்வண்ணத்தில் வரைவார். மனுசரைக் கீறமாட்டார். சாமியும் கீறமாட்டார்.

அட்லிஸ்வில் முருகன் கோயில் திருவிழாவுக்குத் துண்டுப்பிரசுரம் அடிக்க ஒருமுறை படம் கேட்டார்கள். மயிலோடு முருகன் வருவார் என்று அவர்கள் காத்திருக்க, இவர் ஒரு மாம்பழத்தைக் கீறிக் கொடுத்தார். நல்ல மாம்பழம். காம்படியில் பால் வடிந்த கறை கூட இருந்தது. கோயில் செயலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “குலம் அண்ணை, ஆளைக் காணேல்லையே?” என்றார்.

“அவருக்குக் கிடைக்காத பழம்தானே, இது போதும்” என்றார் இவர்.

அச்சடித்தார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கோபித்தார்கள்.

ஊரில் இவர் தூரிகை தொட்டதே இல்லை. அகதியாக வந்து, ஏரிக்கரையில் இருந்த ஒரு பழைய ஹோட்டலில் சட்டி கழுவத் தொடங்கியவர். பிறகு சலாதும் பழத்தட்டும் செய்கிற பகுதிக்கு ஏற்றினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இராச்சாப்பாட்டுக்கும் நடுவில் ஊழியர்களுக்கு ஓர் ஓய்வு உண்டு. ஸிம்மர்ஷ்டுண்ட என்பார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் படுப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள். இவருடைய படம் கீறல் அந்த ஓய்வில்தான் தொடங்கியது.

கனடாக் கிழவியின் பூட்டன்

அதற்குக் காரணம் கனடாவிலிருந்து வந்த ஒரு கிழவி. நான் சுவிசுக்கு வர முந்திய கதை. இவர் சொல்லித்தான் தெரியும்.

இலையுதிர் காலத்தில் அந்த ஹோட்டலுக்கு வந்து தங்குவாளாம். ஒருநாள் சமையலறைக்கு ஆள் அனுப்பி, துடைக்காத பிளம்ஸ் பழம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நீலப் பிளம்ஸில் மா தூவினதுபோல ஒரு வெண்பொடி படர்ந்திருக்குமே, அது அழியக்கூடாதாம். இவர் பழத்தைக் காம்பில் பிடித்துக் கொண்டுபோய் வைத்தார். அவள் அதைக் கீறத் தொடங்க, இவர் வேலையை மறந்து பின்னால் நின்றுவிட்டார்.

அடுத்தநாள் அவளே கூப்பிட்டு ஒரு கதிரையைக் காட்டினாள். இவருக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ். அது போதுமாக இருந்தது.

அவளுடைய பூட்டன் இங்கிலாந்துக்காரனாம். நூறு வருடத்துக்கும் முந்தி, கப்பலேறிக் கனடாவுக்குப் போனவன். இங்கிலாந்தில் முகம் வரைந்து பிழைத்தவன். போன இடத்தில் ஊருக்கு ஊர் போட்டோ பிடிக்கிற கடை வந்துவிட்டதாம். முகம் வரையக் கூப்பிட ஆளில்லை. அப்பிள், திராட்சை, பாசியில் உருண்டு கிடக்கும் பிளம்ஸ் என்று வரையத் தொடங்கினான். புது நாட்டின் காட்டையும் பனியையும் மற்றவர்கள் கீற, இவன் கதவைச் சாத்திவிட்டு மேசையில் பழத்தை வைத்துக்கொண்டு இருந்தானாம். அதையே கடைசிவரை செய்தான்.

“அவன் மனுசியின்ர முகத்தைக்கூட ஒருநாளும் கீறேல்லையாம்” என்று இவர் எனக்குச் சொன்னார். “பூட்டியின்ர கோப்பை என்ன நிறம், வெள்ளிக் கரண்டி எந்தப் பக்கம் நெளிஞ்சது எல்லாம் அந்தக் கிழவிக்குத் தெரியும். பூட்டி எப்பிடி இருந்தவ எண்டு தெரியாது.”

“அப்ப நீங்களும் என்ர முகத்தைக் கீறமாட்டியளோ?” என்று கேட்டேன்.

“நீர் ஒரு இடத்தில இருந்தாத்தானே.”

கல்யாணமான புதிது. இரண்டு பேரும் சிரித்தோம்.

கிழவி ஊருக்குப் போகும்போது தன் வர்ணப் பெட்டியை இவரிடம் விட்டுவிட்டுப் போனாள். அடுத்த வருடம் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த வருடமும் வரவில்லை. ஏன் என்று யாரைக் கேட்பது?

நீர்வண்ணத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் இவர் பக்கத்தில் நின்று காய்கறி வெட்டும்போது தெரிந்துகொண்டதுதான். எண்ணெய் வர்ணம் என்றால் பிழைத்த இடத்தின் மேல் பூசலாம். இதில் முடியாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விடவேண்டும். ஒருக்கால் மூடினால் மூடினதுதான்.

விமானம் ஏற முடியாத பிள்ளை

பரமேஸின் புருசன் முதலில் சுவிசுக்கு வந்துவிட்டார். பிறகு பரமேஸ் இரண்டு பிள்ளைகளோடு புறப்பட வேண்டும். ரூபனுக்கு ஏழு வயது. தங்கச்சி நிரோஜா கைக்குழந்தை. எல்லாம் சரிவந்து பயணநாளும் குறித்தாயிற்று. அந்தக் கிழமை ரூபனுக்கு அம்மாள் வருத்தம். உடம்பெல்லாம் கொப்புளம். அந்தக் கோலத்தில் எந்த விமான நிலையத்தாலும் விடமாட்டார்கள்.

“அடுத்த முறை அனுப்பலாம், நீ கைக்குழந்தையோட போ” என்று எல்லாரும் சொன்னார்கள். வன்னியில் இருந்த மாமி ஒருத்தி அவனைத் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை வரவே இல்லை. இங்கே அவர்களுக்குக் கிடைத்தது எஃப் அனுமதி. தற்காலிகமாக இருக்கலாம், குடும்பத்தை எடுப்பதற்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள். நல்ல அனுமதி கிடைத்தபோது வன்னிப் பாதை பூட்டு. பாதை திறந்தபோது இங்கே ஒரு கடதாசி குறை. அந்தக் கடதாசி வந்தபோது, பிள்ளையென்று எடுக்கிற வயது அவனுக்குக் கடந்துவிட்டது.

பரமேஸ் அவனைக் காதால் வளர்த்தாள். தொலைபேசியில் அவனுக்குக் குரல் உடைந்த நாளை எனக்குச் சொன்னாள். “ஹலோ எண்டான் மச்சாள். ஆரோ பெரிய ஆம்பிளை எண்டு நினைச்சு, ரூபன் நிக்கிறானோ எண்டு கேட்டிட்டன்.”

படங்கள் சில வந்தன. சின்ன வயதுப் படங்கள். பிறகு தபால் நின்றது. பெரிய பிள்ளையானபின் எடுத்த படம் ஒன்றும் அவள் கைக்கு எட்டவில்லை. வன்னியிலிருந்து வந்த ஒன்றிரண்டு பேர் சொன்னது மட்டும் இருந்தது: “உங்கட குலம் அண்ணையை உரிச்சு வச்ச மாதிரி.”

அந்த வைகாசியில், சண்டைக்குத் தப்பி வந்தவர்களின் முகாமிலிருந்து மாமியின் அயலவர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். ரூபன் மாமிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவன். திரும்பி வரவில்லை. அந்த அயலவர் கண்ணால் கண்டவர். அதற்கு மேல் அவர் சொல்ல விரும்பவில்லை. பரமேஸ் கேட்கவும் இல்லை.

“எனக்கு அவனைப் பெரிசாப் பாக்கோணும்”

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து எங்கள் மணியை அடித்தாள். மெலிந்திருந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை.

“அண்ணை, ரூபனை ஒருக்காக் கீறித் தாங்கோ.”

இவர் கையிலிருந்த தூரிகையைத் துடைத்து வைத்தார். “பரமேஸ், நான் அவனைக் காணேல்லையே.”

“நானும்தான் காணேல்லை.”

“எனக்கு முன்னால இருக்கிறதைத்தான் கீறத் தெரியும், பிள்ளை. நான் பழம் கீறுறவன்.”

“உங்கட முகம்தானாம் அவனுக்கு. உங்களை வச்சுக் கீறுங்கோ. நெத்தி மட்டும் தகப்பன்ர நெத்தி. அது நான் சொல்லுறன். வீட்டில தொங்குறது ஏழு வயசுப் பிள்ளையின்ர படம். அவன் செத்தது பெரிய ஆளாய். நான் ஆருக்கு அழுகிறன் எண்டு எனக்கே தெரியேல்லை. எனக்கு அவனைப் பெரிசாப் பாக்கோணும்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அன்றிலிருந்து அவள் வேலையில்லாத ஞாயிறுகளில் வந்தாள். காலை ரயிலில் வந்து பின்னேர ரயிலில் போவாள். இவர் தன் முகத்தைக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து பென்சிலால் கோடு போடுவார். அவள் பக்கத்தில் இருந்து சொல்வாள்.

“நாடி இவ்வளவு கூராய் இராது.”

“எப்பிடிச் சொல்லுறாய்?”

“சின்னனிலயே உருண்டை நாடி. அது மாறாது.”

“சொண்டு?”

“மேல் சொண்டு என்ர. கதைக்கேக்க ஒரு பக்கம் ஏறும். போனில கேட்டாத் தெரியும்.”

தொலைபேசியில் உதடு ஏறுவது எப்படித் தெரியும் என்று இவர் கேட்கவில்லை. எழுதிக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினார்.

கோடை முழுவதும் இப்படிப் போனது. நான் சமைப்பேன், அவர்கள் மேசையில் இருப்பார்கள். ஒரு முகம் வரும், அவள் பார்ப்பாள், “இல்லை அண்ணை” என்பாள். கோபமில்லாமல், கடைக்காரன் எடுத்துக் காட்டும் சேலையை வேண்டாம் என்கிற மாதிரி. அவர் காகிதத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை ஒட்டுவார்.

ஆனால் அந்த ஞாயிறுகளில் அவள் சாப்பிட்டாள். முதல்நாள் தேத்தண்ணியைத் தொடாதவள், போகப் போக இரண்டாம் முறை சோறு கேட்டாள். அவன் மாமியின் கோழியைக் களவாகக் குளிப்பாட்டின கதையைச் சொல்லிச் சிரித்தாள். இவரும் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருந்தான் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரு நிழல்

இலைகள் பழுத்துவிட்ட ஒரு ஞாயிறு. ஃபூன் காற்று அடித்த நாள்.

அன்று இவர் பென்சிலால் கோடு போடவில்லை. நேரே தூரிகையை நனைத்துத் தொடங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, “கோடு போட்டா அவன் கோட்டுக்குள்ள நிண்டிடுறான்” என்றார். பரமேஸ் வழமைபோல நாடி, சொண்டு என்று சொல்லவில்லை. அவன் கடைசியாகத் தொலைபேசியில் கதைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “சாப்பிட்டியோ எண்டு கேட்டன். நீங்கள் சாப்பிட்டனீங்களோ அம்மா எண்டு கேட்டான். அவ்வளவுதான். லைன் அறுந்துபோச்சு.”

நான் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினேன். காகிதத்தில் அவன் இருந்தான்.

எனக்கு வர்ணிக்கத் தெரியவில்லை. அது இவருடைய முகமில்லை. பரமேஸின் முகமும் இல்லை. இரண்டு பேருக்கும் சொந்தக்காரன் ஒருவன். மேல் உதடு ஒரு பக்கம் ஏறி இருந்தது.

“இவன்தான்” என்றாள் பரமேஸ்.

இவர் ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். அந்தச் சுருக்கலை நான் அறிவேன். பிளம்ஸ் கீறும்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

“காஞ்சா வெளிறிப்போவான்” என்றார். “கண்ணுக்குக் கீழ ஒரு நிழல் வைக்கோணும்.”

“வேண்டாம் அண்ணை. இப்பிடியே தாங்கோ.”

“ஒரு நிமிசம் பரமேஸ். ஒரு சின்ன நிழல்.”

“அண்ணை, வேண்டாம்.”

அவர் தூரிகையை நீரில் நனைத்தார். அவர் நல்லதற்குத்தான் செய்தார் என்று இன்றைக்கும் சொல்வேன். அவள் வீட்டுச் சுவரில் வருடக்கணக்காய் இருக்கப்போகும் முகம், காய்ந்து சோகை பிடித்ததுபோல ஆகிவிடக்கூடாது என்று நினைத்தார். தூரிகையில் தண்ணீர் கூடிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

இடது கண்ணுக்குக் கீழே வைத்த துளி, ஈரத்தோடு ஈரம் சேர்ந்து கன்னத்துக்குள் பரவியது. அது போன இடமெல்லாம் வர்ணத்தைத் தள்ளிக்கொண்டு போனது. இவர் துணியை எடுத்து ஒற்றினார். ஒற்றின இடம் வெளுத்தது. பலகையைச் சரித்தார். உதட்டருகே இன்னொரு ஓடை இறங்கியது. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த முகம் யாருடையதும் இல்லாமல் போனது.

காற்று ஜன்னலை ஆட்டியது. ஒருவரும் அதைச் சாத்தப் போகவில்லை.

“ரெண்டாந்தரமும் சாகவிட்டிட்டியளே அண்ணை” என்றாள் பரமேஸ்.

உரத்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தன் கைப்பையை எடுத்தாள், கோட்டைப் போட்டாள், சப்பாத்துக் கட்டினாள். நான் பின்னால் ஓடினேன். “மச்சாள், சாப்பிட்டிட்டுப் போங்கோ, மச்சாள்.” படியில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் மேலே வந்தபோது இவர் அதே இடத்தில் நின்றார். தூரிகை நுனியிலிருந்து நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு முன்னால்

அதற்குப் பிறகு இவர் அந்த முகத்தைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும், ஸிம்மர்ஷ்டுண்டயில் வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைத் திறந்துவைத்து, கண்ணாடிக்கு முன்னால் பலகையை முழங்காலில் வைத்துக்கொண்டு இருப்பார். கோடு போட்டுப் பார்த்தார், போடாமல் பார்த்தார். உதட்டை ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. சரிவந்தால் அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் கதைக்கவேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பிடிவாதம்.

“ஒருக்கா ரெலிபோன் எடுங்கோவன்” என்றேன்.

“எடுத்து என்னத்தைச் சொல்லுறது?”

நான் எடுத்தேன். பரமேஸின் புருசன்தான் கதைத்தார். அவள் வேலைக்குப் போய்விட்டாள் என்றார். வந்ததும் சொல்வதாகச் சொன்னார். அவள் எடுக்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை அட்லிஸ்வில் கோயில் திருவிழாவில் காண்போம். இவர் அவளைத் தூரத்தில் கண்டால் செருப்பு வைக்கிற பக்கமாய்ப் போய்விடுவார். அவளும் சாமி வெளிவீதி வரும்போது சனத்துக்குள் மறைந்துகொள்வாள். எனக்கும் அவளுக்கும் தலையாட்டல் மட்டும் இருந்தது. நிரோஜா மட்டும் ஓடி வருவாள். “மாமி, சுகமா இருக்கிறியளோ?” பிரெஞ்சு வாடை வீசும் தமிழ். மாமா எங்கே என்று கேட்பாள். இஞ்சைதான் எங்கேயோ நிற்கிறார் என்பேன்.

நிரோஜாவின் கல்யாணத்துக்கு அழைப்புக் காட் வந்தது. இவர் புதுச் சேட்டு வாங்கினார். காலையில் எழும்பி அதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர், நிலையத்தில் ரயில் வந்து நின்றபோது ஏறவில்லை. “நீர் போய்ட்டு வாரும். நல்ல நாளில நான் எதுக்கு அவளின்ர கண்ணுக்கு முன்னால” என்றார். நான் தனியே போனேன். பரமேஸ் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றாள். என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

காலம் போகப் போக இவர் திரும்பவும் பழத்துக்கு வந்துவிட்டார். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் வழியில் அவருடைய பியர்ஸையும் பிளம்ஸையும் சட்டம் போட்டு மாட்டினார்கள். பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொல்லும்போது, வேறு யாருக்கோ கிடைத்ததுபோலச் சொன்னார்.

பிறகு வயிற்றில் நோவென்றார். பார்த்தபோது வருத்தம் முற்றிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அதிக காலம் இருக்கவில்லை. கடைசி நாட்களில் ஒரு காலை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அண்டைக்குக் கையை எடுத்திருக்கலாம்.”

எந்த நாளை என்று நான் கேட்கத் தேவையில்லை.

“பரமேஸைக் கூப்பிடட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம். வருத்தக்காரனைப் பாத்து மனமிரங்க வேண்டாம்.”

முப்பத்தொன்று கழிந்து

செத்தவீட்டுக்குப் பரமேஸ் வந்தாள். சனத்தோடு சனமாக நின்றாள், பூப் போட்டாள், போனாள். முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்து, எல்லாரும் கலைந்த பிறகு ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. பரமேஸும் நிரோஜாவும் நின்றார்கள்.

குசினி மேசையில் இருத்தித் தேத்தண்ணி வைத்தேன். பரமேஸ் மேசையைத் தடவிப் பார்த்தாள்.

“இதிலதான் நிரோ” என்றாள் மகளிடம். “இந்த இடத்திலதான்.”

“தெரியும் அம்மா” என்றாள் நிரோஜா. என்னைப் பார்த்துச் சிரித்தாள். “மாமி, எத்தினை தரம் கேட்டிட்டன் தெரியுமோ? எங்கட வீட்டுக்கு ஆர் வந்தாலும் அம்மா இதைத்தான் சொல்லுவா. என்ர மோன் பெரிய ஆளா எப்பிடி இருந்தவன் எண்டு நான் கண்டனான், லுசேர்ணில அண்ணை எனக்குக் காட்டினவர் எண்டு. என்ர மனுசன் ஒருக்கா கொம்பியூட்டரில அந்தச் சின்னப் படத்தைப் பெரிய ஆளாக்கிச் செய்து சட்டம் போட்டுக் கொண்டந்தார். அம்மா மாட்ட விடேல்லை. இது அவனில்லை, அவனை எனக்குத் தெரியும் எண்டிட்டா.”

நான் பரமேஸைப் பார்த்தேன். என் கை தேத்தண்ணிக் கோப்பையிலேயே இருந்தது.

“உங்களுக்கு அவரில கோபம் எண்டெல்லோ அவர் நினைச்சவர்” என்றேன்.

“எனக்கோ? அண்ணையிலயோ?” அவள் முகம் சுருங்கியது. “நான் என்ன வார்த்தை சொல்லிப்போட்டுப் போனனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே மச்சாள். ரயிலில ஏறி இருந்த உடனயே சொன்னது பிழை எண்டு தெரிஞ்சுது. பிள்ளையைக் கண்ணில காட்டின மனுசனைப் பாத்து அப்பிடிச் சொல்லிப்போட்டன். எந்த முகத்தோட திரும்பி வாறது? அண்ணை மன்னிச்சாரெண்டா போன் எடுப்பார் எண்டு இருந்தனான். கோயிலில கண்டா அங்கால போயிடுவார். கல்யாணத்துக்கும் வரேல்லை. அப்ப முடிஞ்சுது எண்டு நினைச்சன்.”

நான் எழுந்து போய் ஜன்னலருகில் நின்றேன்.

பிறகு பரமேஸ் கேட்டாள்: “அண்ணை பேந்தும் அவனைக் கீறிப் பாத்தவரோ?”

அலுமாரியில் இருந்த காகிதங்களை எடுத்து வந்தேன். கண்ணாடிக்கு முன்னால் இருந்து வரைந்தவை. தடித்த கட்டு. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, மேசையில் வைத்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றிலாவது அவன் இருக்கமாட்டானா என்று இருந்தது எனக்கு.

எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள்.

“இதில அவன் இல்லை மச்சாள்” என்றாள். “எல்லாம் அண்ணைதான். பாருங்கோ, எல்லாத்திலயும் என்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

அதற்குப் பிறகுதான் அழுதாள். அன்றைக்கு ரூபனுக்கு முன்னால் அழாத அழுகை. நிரோஜா எழுந்து தாயின் முதுகைத் தடவினாள். நான் அந்த முகங்களைப் பார்த்தேன். இத்தனை வருடம் அவற்றைப் பழுதாய்ப்போன ரூபன் என்றே எண்ணி அடுக்கி வைத்திருந்தேன். கன்னம் ஒட்டிய, உதட்டை வலிந்து ஏற்றிய, மன்னிப்புக் கேட்கிற என் மனுசன்.

ஒன்றைக் கொண்டுபோகட்டோ என்று கேட்டாள். எடுங்கோ என்றேன். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

பஸ் தரிப்பு வரை கூடப் போனேன். மெல்லிய வெயில். நிரோஜா தொலைபேசியில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பரமேஸ் என் கையைப் பிடித்திருந்தாள்.

“ரூபனுக்கும் எனக்கும் இடையில கடல் கிடந்தது, சண்டை கிடந்தது, கடதாசி கிடந்தது” என்றாள். “ரெனானுக்கும் லுசேர்ணுக்கும் இடையில என்ன மச்சாள் கிடந்தது? ஒரு ரயில்தானே.”

பஸ் வந்து நின்று கதவு திறந்தது. அவள் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி ஏறிவிட்டாள்.